மஞ்சள் வைக்கிற இடம்

அரியலூர் வெற்றிச்செல்விக்குப் பெரம்பலூர் ஜெயசித்ராவைப் பிடிக்காது. ஏன் என்று கேட்டால் நாலைந்து காரணம் சொல்வாள். பேச்சில் பவிசு ஜாஸ்தி என்பாள், பெரியவர்களைப் பார்த்தால் எழுந்து நிற்பதில்லை என்பாள். எல்லாம் சும்மா. ஜெயசித்ராவுக்குக் கைவேலை நன்றாக வருகிறது, அதை நாலு பேர் பார்த்து நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அதுதான் காரணம். பொறாமை என்று அதற்குப் பெயர். வெற்றிச்செல்வி மட்டும் அந்தப் பெயரைச் சொல்லமாட்டாள்.

உறவுமுறையைச் சொல்லிவிடலாம். வெற்றிச்செல்வியின் அண்ணன் மணிவேல் அரும்பாவூரில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிறவர். அவர் மனைவி லீலாவதி. லீலாவதியின் கூடப்பிறந்த தங்கைதான் ஜெயசித்ரா. ஆக, மணிவேலின் ஒரே மகள் கவிதாவுக்கு வெற்றிச்செல்வி அத்தை, ஜெயசித்ரா சித்தி. ஒரு பெண்பிள்ளை மேல் அத்தைக்கும் சித்திக்கும் இருக்கும் போட்டி ஊரறிந்தது. இங்கே இருவரும் ஒரே தொழிலையும் பிடித்துக்கொண்டால் கேட்கவா வேண்டும்.

அந்தத் தொழில் வெற்றிச்செல்விக்கு வந்ததே ஒரு விபத்து. அவள் மகள் நாலாவது படிக்கும்போது, வெண்டைக்காயை நறுக்கிச் சாயத்தில் தொட்டு அட்டையில் அச்சு வைத்து எடுத்து வா என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அன்று பார்த்து வீட்டில் வெண்டைக்காய் இல்லை. வெற்றிச்செல்வி பென்சில் அழிக்கிற ரப்பரை எடுத்து பிளேடால் செதுக்கி ஒரு தும்பைப்பூ வெட்டினாள். கணவர் சிங்காரவேலு சிமெண்ட் ஆலையில் எடை மேடையில் வேலை பார்க்கிறவர். அவர் எப்போதோ கொண்டுவந்த ஊதா ஸ்டாம்பு பேடில் அதைத் தொட்டு அட்டையில் வைத்தாள். பூ அப்படியே உட்கார்ந்தது. மகள் அதை மறந்து எத்தனையோ காலமாகிறது. வெற்றிச்செல்வி மறக்கவில்லை.

பிறகு ரப்பர் ஷீட் வாங்கினாள், செதுக்குகிற உளி வாங்கினாள், கலர் கலராக மை வாங்கினாள். கட்டை மேல் ரப்பரை ஒட்டி மயில், மாவிலை, புள்ளிக்கோலம் என்று வெட்டிக் குவித்தாள். கிழிந்த பட்டுப்புடவையின் பார்டர், பழைய செய்தித்தாள், சணல், உடைந்த வளையல் என்று கையில் கிடைத்ததை அட்டையில் ஒட்டி, அதன்மேல் அச்சு வைத்து, ஓரத்தில் ஸ்பாஞ்சால் மை தேய்த்துக் கொடுத்தால் வாங்கிப் போகிறவர்கள் இருந்தார்கள். வளைகாப்புக்கு வாழ்த்து அட்டை, புதுவீட்டுக்குப் பெயர்ப்பலகை, பிறந்தநாளுக்கு போட்டோ பிரேம். அரியலூரில் அவள் தெருவுக்குள் வந்து, ஸ்டாம்பு அக்கா வீடு எது என்று கேட்டால் காட்டுவார்கள்.

ஒரு வளைகாப்பில்தான் ஜெயசித்ரா அதைப் பார்த்தாள். "அண்ணி, இத எப்படி வெட்டுறீங்க, எழுத்தெல்லாம் திருப்பி வெட்டணுமா?" என்று ஆசையாகக் கேட்டாள். "அது ஒண்ணுமில்ல, சும்மா பிளேடாலதான்" என்று சொல்லிவிட்டு வெற்றிச்செல்வி சாம்பார் வாளியைப் பார்க்கப் போய்விட்டாள். சொல்லிக்கொடுக்க மனம் வரவில்லை. சொல்லாவிட்டால் கற்றுக்கொள்ள மாட்டாள் என்று நினைத்தது அவளுடைய வெகுளித்தனம். வீடியோ பார்த்தே ஜெயசித்ரா கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டது மட்டுமல்ல, இன்ஸ்டாகிராமில் பக்கம் ஆரம்பித்தாள்; கல்லூரிப் பெண்களுக்கு வகுப்பு எடுத்தாள்; துபாயில் இருக்கும் லப்பைக்குடிக்காட்டுக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் அட்டை செய்து கொடுத்தாள். சொந்தத்தில் யாராவது வெற்றிச்செல்வியிடம், "நீங்களும் நம்ம சித்ரா மாரியே பண்றீங்களாமே" என்று விசாரித்தால் அன்றைக்கு அந்த வீட்டில் பாத்திரங்கள் எல்லாம் சத்தமாக விழும்.

ஜெயசித்ராவின் பக்கத்தை அவள் தன் பெயரில் பார்ப்பதில்லை. மகளின் கைபேசியில்தான் பார்ப்பாள். ஒவ்வொரு படத்தையும் இரண்டு விரலால் பெரிதாக்கி, மை எங்கே கசிந்திருக்கிறது, பசை எங்கே துருத்திக்கொண்டிருக்கிறது என்று தேடுவாள். கிடைத்தால் அன்றைய சாப்பாடு ருசிக்கும். ஒருமுறை இப்படித் தேடும்போது விரல் பட்டு, இரண்டு வருஷத்துக்கு முந்தைய படம் ஒன்றுக்கு லைக் விழுந்துவிட்டது. உடனே எடுத்துவிட்டாள். ஆனாலும் அதற்குள் அங்கே தகவல் போய்விட்டது. ஜெயசித்ரா இவள் மகளைப் போனில் கூப்பிட்டு, "பழசெல்லாம் தேடிப் பாக்குறியாடா தங்கம்" என்று கொஞ்சியதாகக் கேள்விப்பட்டபோது வெற்றிச்செல்விக்குக் காதெல்லாம் சுட்டது.

இந்த நிலையில் கவிதாவுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. மாப்பிள்ளை கீழப்பழுவூர். கவிதாவுக்குப் பத்திரிகை தன் கையால்தான் என்று வெற்றிச்செல்வி எப்போதோ முடிவு செய்துவிட்டாள். அது யாரிடமும் கேட்டு எடுத்த முடிவில்லை. பிறந்த வீட்டில் தனக்கு இருக்கிற உரிமையில் அதுவும் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தேதி குறித்த மறுநாள் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"பத்திரிகைய பிரஸ்ல அடிக்கக் குடுத்துட்டேன்ம்மா. சம்பந்தி வூட்டுக்கும் நெருங்குன சொந்தத்துக்கும் மட்டும் கையால பண்ணது. அத சித்ரா பாத்துக்கிறேன்னுடுச்சு. நீயும் கூடமாட ஒத்தாசையா இரு."

"அதுக்கென்னண்ணா, நல்லா பண்ணட்டும்" என்றாள் வெற்றிச்செல்வி. போனை வைத்த பிறகுதான் அந்தச் சொல் உறைத்தது. கூடமாட ஒத்தாசை. அத்தை கூடமாட, சித்தி முன்னால. வயிறு எரிந்தது என்று சும்மா சொல்கிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தாள். நிஜமாகவே எரிகிற இடம் வயிறுதான்.

ஒத்தாசை என்று சொல்லியாகிவிட்டதே, போய்ப் பார்ப்போம் என்று ஒருநாள் காலையில் பெரம்பலூருக்கு பஸ் ஏறினாள். ஏதாவது கோணல்மாணல் கண்ணில் படாதா என்ற ஆசையும் கூட ஏறியது. ஜெயசித்ரா மாடியிலிருந்து ஓடிவந்து, கையில் மையோடு வரவேற்றாள். "வாங்க அண்ணி, நீங்க வரலையேன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். கையெல்லாம் கறை, கட்டிப்புடிக்க முடியல" என்று சிரித்தாள்.

அறையின் தரை முழுக்கப் பத்திரிகைகள் காய்ந்துகொண்டிருந்தன. வெற்றிச்செல்வி வாசலிலேயே நின்றுவிட்டாள். கெட்டிக் காகிதம். அதன்மேல் சுதைவேலை போல வெள்ளையாக மேடெழும்பிய ஒரு பூச்சு, நாலு மூலையிலும் கொஞ்சம் கெட்டியாக, கொடி படர்ந்த மாதிரி. நடுவில் தாமரைக்குளம் அச்சு, ஒரு இதழில்கூட மை தேங்கவில்லை. பக்கவாட்டில் அரக்குப் பட்டுத் துண்டு. பெயர்கள் இரண்டும் கையால் வெட்டிய எழுத்து. 'கவிதா'வில் 'வி'யின் கொக்கி வழுக்கிவிடும், திருப்பி வெட்டுகிறவர்களுக்கு அது தெரியும். அவள் குனிந்து பார்த்தாள். வழுக்கவில்லை. ஒவ்வொரு அட்டையாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு குறையும் இல்லை. தான் செய்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை அவள் ஒருபோதும் மன்னிக்கப்போவதில்லை.

"இந்த வெள்ள என்ன பேஸ்ட்டு?" என்று விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்.

"கடையில விக்கிறது ஒரு டப்பா வாங்குனா நாலு அட்டைக்குக் காணாது அண்ணி. நானே கலக்கிட்டேன். சுண்ணாம்பும் பசையும்தான். மொத தடவ பண்றேன், நல்லா புடிச்சிக்கிச்சு பாருங்க."

வெற்றிச்செல்வியின் விரல் அப்படியே நின்றது.

சுண்ணாம்பு. நாலு மூலையிலும் சுண்ணாம்பு. பத்திரிகை என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துத்தான் சாமி முன்னால் வைப்பார்கள், வைத்துத்தான் கொடுப்பார்கள். மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துச் சுண்ணாம்பின் மேல் வைத்தால் என்ன ஆகும் என்பது அந்தக் குடும்பத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். அண்ணன் வீட்டு விசேஷம் எதுவானாலும் ஆரத்தி கரைக்கிறவள் அவள்தான். மஞ்சள் தண்ணீரில் சுண்டுவிரல் நுனியளவு சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கினால் ரத்தச் சிவப்பாக மாறும். ஜெயசித்ராவுக்கும் தெரியாத விஷயமில்லை. ஆனால் அவள் அட்டையைச் செய்வாள், படம் எடுப்பாள், கொடுத்து அனுப்புவாள். மஞ்சள் வைப்பதெல்லாம் வாங்கிப்போகிறவர்கள் வீட்டில் நடப்பது. அதுவும் இதுவும் அவள் தலைக்குள் ஒன்றாகச் சேரவில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூலையில் இருப்பதைச் சுரண்டிவிட்டு வேறு ஏதாவது ஒட்டிக்கொள்ளலாம். ஒருநாள் வேலை. வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"எங்கயாச்சும் கொறை தெரிஞ்சா சொல்லிடுங்க அண்ணி. ஒங்க கண்ணுக்குத் தப்பாது" என்றாள் ஜெயசித்ரா.

வெற்றிச்செல்வி சிரித்தாள். அவ்வளவு இனிப்பான சிரிப்பு அவள் முகத்துக்கு வந்து வெகுகாலமாகிறது. "ஒரு கொறையும் இல்லம்மா. அப்படியே குடு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. காற்று சுகமாக இருந்தது. மனசுக்குள் அந்த நாளை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். சபையில் மூலை நாலும் சிவக்கும். சம்பந்தியம்மா ஜெகதாம்பாள் முகம் சுளிப்பார். நிச்சயதார்த்தத்தில் தேங்காய் கோணலாக உடைந்ததற்கே, நல்லது நடக்குமா என்று கேட்டு ஒரு வாரம் பிகு பண்ணிய மனுஷி. ஜெயசித்ரா அழுதுகொண்டே அடுப்படிக்குள் ஓடுவாள். இனி சொந்தத்தில் யார் வாயிலும் நம்ம சித்ரா என்ற பேச்சு வராது. இதையே திரும்பத் திரும்ப ஓட்டியதில் அரியலூர் வந்ததே தெரியவில்லை.

அடுத்து வந்த நாட்களில் மனசு உறுத்தாமல் இல்லை. சொல்லிவிடலாம் என்று மகளின் போனை எடுக்கத்தான் செய்தாள். எடுத்த கை நேரே ஜெயசித்ராவின் பக்கத்துக்குப் போனது. அங்கே கவிதாவின் பத்திரிகையைப் பற்றி வீடியோ. அதன் கீழே, அழகோ அழகு, என் கல்யாணத்துக்கும் இதேபோல் வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அரும்பாவூரில் அண்ணன் வீட்டில் கூடினார்கள். சம்பந்தி வீட்டாரும் தட்டோடு வந்திருந்தார்கள். இரண்டு வீட்டாரும் பத்திரிகையைச் சாமி முன்னால் வைத்து மஞ்சள் வைத்து மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. கூடத்தில் பாய் விரித்து, தாம்பாளத்தில் ஜெயசித்ராவின் பத்திரிகைகளை அடுக்கியிருந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம் எடுத்துத் தடவிப் பார்த்தார்கள். ஜெயசித்ரா வெங்காயச் சருகு நிறத்தில் புடவை கட்டி, வெட்கமும் பெருமையுமாக நின்றாள். வெற்றிச்செல்வி தூணோரமாக உட்கார்ந்து, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

லீலாவதி மஞ்சள் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். அவளே வைப்பாள் என்றுதான் வெற்றிச்செல்வி நினைத்திருந்தாள். லீலாவதி கிண்ணத்தை நேராக இவளிடம் நீட்டினாள்.

"செல்வி, வா. சித்ராதான் சொன்னா. அத்தக்காரி கையாலதான் மொத மஞ்ச வைக்கணும்னு."

இப்போதுகூடச் சொல்லலாம். சொன்னால், எப்போது தெரியும் என்று கேட்பார்கள். அவள் கிண்ணத்தை வாங்கினாள். ஈரமில்லாமல் பொடியாக வைத்தால் சிவக்காது என்ற யோசனை மின்னியது. விரல் நுனியில் பொடியை மட்டும் தொட்டாள். "நல்லா கொழச்சு வைம்மா, உதிருது பாரு" என்று லீலாவதி செம்புத் தண்ணீரைக் கிண்ணத்தில் சாய்த்துவிட்டாள். எல்லோர் கண்ணும் அவள் விரலில் இருந்தது. கதவோரத்தில் கவிதா நின்றிருந்தாள்.

முதல் மூலையில் வைத்தாள். ஒரு நொடி மஞ்சளாக இருந்தது. பிறகு உள்ளேயிருந்து ஊறி வருகிற மாதிரி சிவந்தது. கொடியின் மேடெல்லாம் சிவந்து, ஓரத்தில் வழிந்தது.

கூடத்தில் பேச்சு நின்றது. "ரத்தங்கணக்கா இருக்கே" என்று யாரோ ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. மணிவேல் வாயைத் திறந்தபடி நின்றார். வெற்றிச்செல்வி நிமிர்ந்தபோது அவள் கண்ணில் பட்டது ஜெயசித்ராவின் முகம் இல்லை. கவிதாவின் முகம். வெளுத்துப்போய், உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்த அந்தக் காட்சியில் கவிதா எங்கேயும் இருந்ததில்லை.

ஜெகதாம்பாள் கையை நீட்டிப் பத்திரிகையை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிவந்த இடத்தை நகத்தால் சுரண்டி, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார்.

"சுண்ணாம்பா?"

"ஆமாங்க" என்றாள் ஜெயசித்ரா.

ஜெகதாம்பாள் கவிதாவை ஒருமுறை பார்த்தார். பிறகு, "மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா ஆரத்தி" என்றார். "பொண்ணு வாரதுக்கு முன்ன பத்திரிகையே ஆரத்தியோட வருது. எங்க வூட்டுக்கு நல்லதுதான். மிச்ச மூலையிலயும் வைம்மா."

கூடமே மூச்சுவிட்டது. அட ஆமாம், ஆரத்தி நிறம் என்று நாலு பக்கமும் பேச ஆரம்பித்தார்கள். மஞ்சள் வைத்தால் சிவக்கிற பத்திரிகையை இதுவரை பார்த்ததே இல்லை என்றார் ஒரு பெரியவர். ஜெயசித்ராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. போச்சு, இதுவும் அவளுக்கே லாபமாகப் போச்சு என்று வெற்றிச்செல்விக்குள் அந்த நேரத்திலும் ஒன்று முறுக்கிக்கொண்டது.

ஜெயசித்ரா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "எனக்குத் தோணவேயில்லீங்க, இப்படிச் செவக்கும்னு. அண்ணிக்குத் தெரியும். அன்னிக்கி எங்க வூட்டுக்கு வந்து, சுண்ணாம்பத் தடவிப் பாத்துட்டு, ஒரு கொறையும் இல்ல, அப்படியே குடுன்னு சிரிச்சாங்க. எதுக்கு சிரிக்கிறாங்கன்னு எனக்கு அப்பப் புரியல. இந்த வூட்ல ஆரத்தி கரைக்கிறதே அவுங்கதான. சபையில ஆரத்தியா செவக்கட்டும்னு தெரிஞ்சேதான் வுட்டிருக்காங்க."

வெற்றிச்செல்வி அவள் முகத்தைத் துருவிப் பார்த்தாள். அட்டையில் குறை தேடுகிற அதே கண்ணால், எங்காவது ஒரு குத்தல், ஒரு கேலி ஒளிந்திருக்கிறதா என்று தேடினாள். இல்லை. அவள் நம்பித்தான் சொல்கிறாள். இப்படி நம்பத் தெரிந்தவள் மேல் வந்த பொறாமை, இதுவரை வந்த எல்லாவற்றையும்விட மோசமாகச் சுட்டது.

"என் தங்கச்சி கைவேல தெரிஞ்சவ. சின்னதுலேர்ந்தே அப்படித்தான்" என்று மணிவேல் சம்பந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் அவ்வளவு பெருமை. சொந்தக்காரப் பெண்கள் சுற்றி வந்து, ஆனாலும் உனக்கு நெஞ்சழுத்தம்டி, இத்தனை நாள் மூச்சு விடாமல் இருந்திருக்கிறாயே என்று தோளில் தட்டினார்கள். எந்தப் பேச்சுக்காக வருஷக்கணக்காக ஏங்கினாளோ அந்தப் பேச்சு கூடம் முழுக்க நிறைந்திருந்தது. அவளுக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. தாம்பாளம் நிறையப் பத்திரிகை மிச்சம் இருந்தது. எல்லாவற்றுக்கும் அவளே வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

சம்பந்தி வீட்டாரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார்கள். கூடத்தில் அவளும் பத்திரிகைகளும் மட்டும். கவிதா வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். இவள் மஞ்சளைத் தொட்டு வைத்தாள். ஒவ்வொன்றும் சிவந்தது.

"அத்த" என்றாள் கவிதா. குரலை உயர்த்தவில்லை. "சித்தி சொல்றதெல்லாம் சரி. அந்தம்மா வேற மாரி சொல்லியிருந்தா?"

வெற்றிச்செல்வி அடுத்த பத்திரிகைக்குக் கையை நீட்டினாள். கவிதா கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பொய் சொல்லலாம். இந்தப் பிள்ளையிடம் வரவில்லை. "ஒஞ்சித்தி நாலு பேரு முன்னால அழணும்னு நெனச்சேன்டி" என்றாள். "அவ்வளவுதான் நெனச்சேன்."

"என்னைய நெனக்கலையா?"

"இல்ல."

கவிதா கையிலிருந்த பத்திரிகையைத் தன் மடியில் வைத்து, மஞ்சள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மிச்சத்த நான் வச்சுக்கிறேன் அத்த. நீங்க போயி சாப்புடுங்க."